தாவும் மரபணுக்களைச் செடி எவ்வாறு அடக்கி வைக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் நம் பிள்ளைகள் உயிரியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், தமிழைக் கோயிலிலும் சனிக்கிழமை வகுப்பிலும் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மாலை நேரங்களில் உயிரியல் சொல்லித் தருகிறேன். அதற்கு முன்பு ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் வாழைக் கன்றுகளோடும் ஆந்தூரியத்தோடும் பல ஆண்டுகள் வேலை செய்தேன். மாணவர்களும், கரும்பு போடும் உறவினர்களும், வாசலில் பூச்செடி வளர்க்கும் அக்காமார்களும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மரபணு தாவும் என்கிறீர்களே, அது எப்படித் தாவும்?

டிஎன்ஏ என்னும் நீண்ட இழையில் சில துண்டுகள் தாம் இருக்கும் இடத்தை விட்டு வேறிடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் திறன் உடையவை. அவற்றை இடம்மாறும் கூறுகள் என்று பாடநூலும், தாவும் மரபணுக்கள் என்று பேச்சு வழக்கும் சொல்கின்றன. அவை இரண்டு வழிகளில் இடம் மாறுகின்றன. ஒரு வகை, தன்னை வெட்டி எடுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். மற்றொரு வகை, இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு தன்னை ஆர்என்ஏ என்ற தற்காலிகப் படியாக எடுத்து, அந்தப் படியை மீண்டும் டிஎன்ஏ ஆக்கி, அதை வேறிடத்தில் செருகும். இரண்டாவது வகைக்கு ரெட்ரோடிரான்ஸ்போசான் என்று பெயர். ஒவ்வொரு தாவலிலும் ஒரு நகல் கூடிக்கொண்டே போவதால், செடிகளின் மரபுத்தொகுதியை, அதாவது ஒரு செல்லிலுள்ள டிஎன்ஏ முழுவதையும், ஊதிப் பெருக வைத்தது பெரும்பாலும் இந்த வகைதான்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

அமெரிக்காவைச் சேர்ந்த பார்பரா மெக்லிண்டாக் 1940களில் மக்காச்சோளத்தில் கண்டுபிடித்தார். ஒரே கதிரில் சில மணிகள் முழு நிறத்தோடும், சில வெளுத்தும், சில புள்ளி புள்ளியாகவும் இருப்பதை ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்து, நிற மரபணுவுக்குள் ஏதோ ஒன்று புகுந்து அதை நிறுத்துகிறது, அது வெளியேறும்போது நிறம் திரும்புகிறது என்று முடிவுக்கு வந்தார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பலரும் அறியாத ஒரு பாதியும் அவருடைய வேலையில் உண்டு. அந்தக் கூறுகள் சில தலைமுறைகளில் செயல்பட்டு, சில தலைமுறைகளில் உறங்கி, பிறகு மீண்டும் விழிப்பதை அவர் பதிவு செய்தார். கூறு அதே இடத்தில்தான் இருந்தது, டிஎன்ஏயின் எழுத்தும் மாறவில்லை, ஆனால் நடத்தை மாறியது. அந்த உறக்கமும் விழிப்பும், டிஎன்ஏ மேல் ஒரு சிறு வேதி அடையாளத்தை இடுகிற மெத்தில் ஏற்றத்தோடு சேர்ந்து வருகின்றன என்பது 1980களில்தான் தெரிந்தது. இந்தத் தொகுப்பு முழுவதும் அந்த உறக்கத்தைப் பற்றியதே.

ஒரு செடிக்குள் இவை எவ்வளவு இருக்கும்? நம் கரும்பில் உண்டா?

மக்காச்சோளத்தின் மரபுத்தொகுதியில் சுமார் 230 கோடி எழுத்துகள் உள்ளன. அதில் ஏறத்தாழ 85 விழுக்காடு இடம்மாறும் கூறுகளும் அவற்றின் சிதைவுகளும்தான். கோதுமையிலும் ஏறத்தாழ அதே விழுக்காடுதான். ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியில் மொத்தமே சுமார் 13.5 கோடி எழுத்துகள்தான், அங்கே இவற்றின் பங்கும் மிகக் குறைவு. மனிதர்களிலும் ஏறத்தாழ 45 விழுக்காடு இத்தகைய கூறுகளிலிருந்து வந்ததே.

கரும்பிலும் ஏராளமாக உண்டு. ரீயூனியன் தீவில் உருவாக்கப்பட்டு நம் வயல்களிலும் நடப்பட்ட ஆர் 570 என்ற இரகத்தின் மரபுத்தொகுதி 2024இல் விரிவாக வெளியிடப்பட்டது. எல்லாப் பிரதிகளையும் சேர்த்தால் அதில் சுமார் 1000 கோடி எழுத்துகள் இருக்கின்றன. ஒவ்வொரு குரோமோசோமும் பல பிரதிகளாக இருப்பதும், அந்தப் பிரதிகள் இரண்டு வெவ்வேறு கரும்பினங்களிலிருந்து வந்திருப்பதும்தான் அதைப் படித்து முடிக்க அவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம்.

இவ்வளவும் உள்ளே இருந்தால், செடி எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது?

இரண்டு காரணங்களால். முதலாவது, பெரும்பாலானவை நெடுங்காலத்துக்கு முன்பே தாவி, பிறகு எழுத்துப் பிழைகள் சேர்ந்து முடமாகிப் போனவை. இரண்டாவது, இன்னும் தாவ வல்லவையாக எஞ்சியிருப்பவற்றைச் செடி அடக்கி வைத்திருக்கிறது. அடக்குதல் என்றால் வெட்டி எறிதல் அன்று. டிஎன்ஏயின் எழுத்து வரிசையைத் தொடாமல், அதன் மேல் அடையாளங்களை இட்டு, அதைச் சுற்றியிருக்கும் புரதங்களை இறுக்கி, படிக்க முடியாதபடி செய்வதுதான் அடக்குதல். எழுத்து மாறாமல் நடத்தை மட்டும் மாறி, அந்த மாற்றம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தொடர்வதைப் படிக்கும் துறைக்கு மேல்மரபியல் என்று பெயர். எபிஜெனிட்டிக்ஸ் என்று பள்ளியில் கேட்டது இதுதான்.

மெத்தில் ஏற்றம் என்றால் என்ன? அது எழுத்தை மாற்றிவிடுகிறதா?

தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. க என்று எழுதினால் உள்ளே அகரம் ஒலிக்கிறது. அதன் மேல் ஒரு புள்ளியை வைத்தால் க் ஆகிறது. எழுத்தின் வடிவம் அதேதான், ஆனால் உயிரோசை அடங்கிவிடுகிறது. டிஎன்ஏயின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மேல் மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதியை நொதிகள் ஏற்றுகின்றன. சைட்டோசின் சைட்டோசினாகவே இருக்கிறது. ஆனால் ஒரு கூறின் தொடக்கப் பகுதியில் இத்தகைய புள்ளிகள் அடர்ந்துவிட்டால், அதைப் படியெடுக்க வேண்டிய இயந்திரம் அங்கே அமர முடிவதில்லை.

ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நன்றாகச் செயல்படும் பல மரபணுக்களின் நடுப்பகுதியிலும் மெத்தில் காணப்படுகிறது, அங்கே அது ஓசையை அடக்குவதில்லை. எங்கே இருக்கிறது, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, எந்த எழுத்துச் சூழலில் இருக்கிறது என்பவை சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கின்றன.

செல் இரண்டாகப் பிரியும்போது அந்தப் புள்ளிகள் என்ன ஆகும்?

இந்தப் பொருளின் மையமே இந்தக் கேள்விதான் என்று கருதுகிறேன். டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது புதிய இழையில் எழுத்துகள்தான் வருகின்றன, புள்ளிகள் வருவதில்லை. பழைய ஓலைச்சுவடிகளில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதை விட்டுவிட்டே எழுதினார்கள். படிப்பவர்தான் சூழலைப் பார்த்து, எங்கே புள்ளி வரவேண்டும் என்று அறிந்துகொண்டார். ஒவ்வொரு செல் பிரிவின் பின்னும் செடியும் அந்த நிலையில்தான் நிற்கிறது. எங்கே புள்ளி இருந்தது என்று பார்த்துப் பார்த்து மறுபடியும் இட்டாக வேண்டும்.

அதற்குச் செடியிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன. சைட்டோசினுக்கு அடுத்து குவானின் என்ற மற்றோர் எழுத்து வரும் இடங்களில் எழுத்தமைப்பு இரண்டு இழைகளிலும் ஒன்றுக்கொன்று எதிரொளியாக அமையும். ஆகவே பழைய இழையில் புள்ளி இருப்பதைக் கண்டு, புதிய இழையில் அதற்கு நேரான இடத்தில் புள்ளியிடுவது எளிது. எம்இடி1 என்ற நொதி அதைச் செய்கிறது. சைட்டோசினுக்கும் குவானினுக்கும் இடையே வேறோர் எழுத்து வரும் இடங்களைச் சிஎம்டி3 என்ற நொதி கவனிக்கிறது. அது தனியாக வேலை செய்வதில்லை. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரத உருளையிலும் ஓர் அடையாளம் இடப்பட்டிருக்கும். அந்த அடையாளத்தைக் கண்டால் சிஎம்டி3 வந்து டிஎன்ஏயில் புள்ளியிடும். டிஎன்ஏயில் புள்ளியைக் கண்டால் வேறொரு நொதி வந்து ஹிஸ்டோனில் அடையாளமிடும். ஒன்று அழிந்தாலும் மற்றொன்று அதை நினைவூட்டும் ஏற்பாடு இது.

எதிரொளி அமைப்பே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே பழைய இழையைப் பார்த்து எழுதுவதற்கு எதுவும் இல்லாததால், ஒவ்வொரு முறையும் புதிதாகவே புள்ளியிட வேண்டியிருக்கிறது. இறுகிக் கிடக்கும் பகுதிகளின் உள்ளே அந்த வேலையைச் சிஎம்டி2 செய்கிறது, ஓரங்களிலும் மரபணுக்களுக்கு அருகிலும் டிஆர்எம்2 செய்கிறது. மேலும், இறுகச் சுருண்ட இடத்துக்குள் இந்த நொதிகள் நுழைவதற்கு டிடிஎம்1 என்ற புரதம் சுருளை நெகிழ்த்தி வழிவிட வேண்டும். அடக்கி வைத்தல் என்பது ஒருமுறை பூட்டிச் சாவியை எறிந்துவிடும் காரியம் அன்று, வேரின் நுனியிலும் குருத்தின் நுனியிலும் செல்கள் பிரியும் ஒவ்வொரு நாளும் செய்து தீர வேண்டிய வேலை. பின்னால் வரும் பல விடைகள் இதை நம்பியே நிற்கின்றன.

புதிதாக ஒன்று நுழைந்தால், அது அடக்க வேண்டிய ஒன்று என்று செடிக்கு எப்படித் தெரியும்?

குறு ஆர்என்ஏக்களால் தெரிகிறது. எல்லா உயர்நிலை உயிர்களுக்கும் பொதுவான, ஆர்என்ஏ படியெடுக்கும் நொதிகளாகிய மூன்று ஆர்என்ஏ பாலிமரேசுகளுக்கு மேலாகச் செடிகளிடம் மட்டும் நான்காவதும் ஐந்தாவதும் உள்ளன. நான்காவது, ஏற்கெனவே அடையாளமிடப்பட்ட கூறுகளிலிருந்து சிறு ஆர்என்ஏ படிகளை எடுக்கிறது. அவை இரட்டை இழையாக்கப்பட்டு, 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கப்படுகின்றன. இவைதாம் அந்தக் குறு ஆர்என்ஏக்கள். அந்தத் துண்டைத் தாங்கிய ஆர்கோநாட் என்ற புரதம், ஐந்தாவது பாலிமரேசு படியெடுக்கும் இடங்களில் தன் எழுத்துக்குப் பொருந்தும் இடத்தைத் தேடிப் பிடித்து, டிஆர்எம்2வை அங்கே அழைக்கிறது. ஆர்என்ஏ வழிகாட்ட டிஎன்ஏயில் மெத்தில் ஏறும் என்பது 1994இல் புகையிலைச் செடியில், வைராய்டு என்ற மிகச் சிறிய நோய்க்காரணியை வைத்துச் செய்த ஆய்வில் முதலில் தெரியவந்தது.

ஆனால் முதன்முதலில் எது மணியடிக்கிறது? மக்காச்சோளத்தின் மியூட்டேட்டர் கூறு ஒரு விடை தருகிறது. அதன் ஒரு நகல் தற்செயலாகத் தலைகீழாக மடிந்து இரட்டித்துவிட்டது. அந்த நகலைப் படியெடுத்தால் ஆர்என்ஏ தானே மடிந்து இரட்டை இழையாகிறது. செடி அதை நறுக்கி, அந்தத் துண்டுகளைக் கொண்டு குடும்பம் முழுவதையும் அடக்கிவிடுகிறது. அராபிடாப்சிஸில் விழித்தெழுந்த எவேட் என்ற கூறு வேறொரு விடை தருகிறது. அது தலைமுறைதோறும் பெருகிச் சுமார் 40 நகல்களை எட்டியபோது, அதன் ஆர்என்ஏ நறுக்கும் இயந்திரத்துக்கு மிகுதியாகி, 24 எழுத்துத் துண்டுகள் தோன்றி, அடக்கம் தொடங்கியது. அதுவரை செடி அதைத் தடுக்கத் திணறிக்கொண்டுதான் இருந்தது.

விலங்குகளிலும் இப்படித்தானா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாலூட்டிகளில் கருவின் தொடக்கத்தில் மெத்தில் அடையாளங்கள் பெரும்பாலும் துடைக்கப்பட்டு மறுபடியும் இடப்படுகின்றன. செடிகளில் அவ்வளவு முழுமையான துடைப்பு நடப்பதில்லை. மேலும் விலங்குகள் இனப்பெருக்கச் செல்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்கின்றன, செடியோ தண்டும் இலையும் வளர்த்த அதே குருத்திலிருந்து கடைசியில் பூக்கிறது. ஆகவே கிளையில் நேர்ந்த மாற்றம் விதைக்குப் போய்ச் சேர வழி இருக்கிறது.

அடக்கி வைப்பதே நோக்கமானால், மகரந்தத்தில் செடி தானே அவற்றை அவிழ்த்துவிடுவது ஏன்?

இதைக் கேட்டவள் என் வகுப்பில் எச்.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி. நல்ல கேள்வி. ஒரு மகரந்தத் துகளுக்குள் இரண்டு விந்துச் செல்களும், அவற்றைச் சூலுக்குக் கொண்டு சேர்க்கும் துணைச் செல் ஒன்றும் இருக்கின்றன. அந்தத் துணைச் செல்லின் உட்கருவில் டிடிஎம்1 காணப்படுவதில்லை, தாவும் கூறுகள் அங்கே விழிக்கின்றன. 2009இல் அராபிடாப்சிஸில் வெளியான ஆய்வு, இவ்வாறு விழித்த கூறுகளிலிருந்து பிறக்கும் குறு ஆர்என்ஏக்கள் விந்துச் செல்களில் சேர்ந்திருப்பதைக் காட்டியது.

துணைச் செல் அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. அங்கே கூறுகள் தாவினாலும் இழப்பு இல்லை. ஆனால் அங்கே எழும் குறு ஆர்என்ஏக்கள் பக்கத்திலிருக்கும் விந்துச் செல்லுக்கு எச்சரிக்கையாக அமைந்து, பிள்ளைக்குப் போகும் மரபுத்தொகுதியில் அடக்கத்தை வலுப்படுத்துகின்றன என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். விதையில் கருவுக்கு உணவாகும் திசுவின் தாய்ச் செல்லிலும் இதற்கு ஒத்த நெகிழ்வு நடக்கிறது.

இந்த அடக்கம் முழுதும் போய்விட்டால் என்ன ஆகும்?

1993இல் அராபிடாப்சிஸில் டிடிஎம்1 பழுதான செடிகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் மொத்த மெத்தில் அளவு பெரிதும் குறைந்திருந்தது. வியப்பான செய்தி என்னவென்றால், முதல் தலைமுறையில் அந்தச் செடிகள் ஏறக்குறைய நல்ல செடிகளைப் போலவே இருந்தன. தன்மகரந்தச் சேர்க்கையில் தலைமுறைகள் கூடக் கூடத்தான் பூப்பது தள்ளிப்போவது, இலை சுருள்வது, செடி குட்டையாவது என்று கோளாறுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சில கோளாறுகளுக்குக் காரணம் ஒரு கூறு தாவி ஒரு மரபணுவை உடைத்தது. வேறு சிலவற்றில் எதுவும் தாவவில்லை, புள்ளி போனதே காரணம். எஃப்டபிள்யூஏ என்ற மரபணுவின் முகப்பில் ஒரு பழைய கூறின் மிச்சம் இருக்கிறது. அதன் மேலுள்ள மெத்தில் போய்விட்டால் அந்த மரபணு வேண்டாத இடத்தில் இயங்கி, பூப்பதைத் தள்ளிப்போடுகிறது.

அப்படிப் போன புள்ளிகள், பழுதான டிடிஎம்1ஐக் கலப்பின் மூலம் நீக்கி நல்லதை வைத்த பிறகும் பல இடங்களில் திரும்பவில்லை. 2009இல் இவ்வாறு உருவாக்கிய செடி வரிசைகளில் அந்த மாற்றங்கள் குறைந்தது எட்டுத் தலைமுறைகள் தொடர்ந்தன. குறு ஆர்என்ஏ வந்து சேர்ந்த இடங்களில் மட்டும் அடக்கம் படிப்படியாக மீண்டது.

திசு வளர்ப்புக் கன்றுகள் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் என்று சொன்னார்கள். சில ஏன் வேறாக வருகின்றன?

இந்தக் கேள்வி எனக்கு நெஞ்சில் தைத்த கேள்வி. நான் வேலை செய்த கூடத்திலிருந்து வாழைக் கன்றுகள் வாங்கி நட்ட ஒருவரின் தோட்டத்தில் சில கன்றுகள் குட்டையாகவே நின்றுவிட்டன. ஒரே தாய்க் கிழங்கிலிருந்து எடுத்தவை அவை. அவர் ஓராண்டு உழைப்பை இழந்தார். அவை ஏன் குட்டையாயின என்று சோதித்துச் சொல்லும் வசதி எங்களிடம் இருக்கவில்லை, ஆனால் அந்த வரிசையை அளவுக்கு மேல் மறுபடி மறுபடி பெருக்கியிருந்தோம் என்பது ஏட்டில் இருந்தது. கேவண்டிஷ் வாழையின் திசு வளர்ப்பில் மிகுதியாகத் தோன்றும் பிறழ்வு குட்டைத்தன்மைதான் என்பதை அப்போதுதான் படித்தறிந்தேன். கரும்பிலும் இத்தகைய பிறழ்வுகள் 1960களின் இறுதியிலிருந்தே ஹவாயில் ஆராயப்பட்டன.

காரணங்கள் பல. குரோமோசோம் எண்ணிக்கை மாறலாம், எழுத்தே மாறலாம். ஆனால் முன்பு சொன்னதை நினைவில் கொள்ளுங்கள். புள்ளியிடும் வேலையை ஒவ்வொரு பிரிவிலும் புதிதாகச் செய்ய வேண்டும். இலையாகவோ குருத்தாகவோ இருந்த செல்லை ஹார்மோன் கலந்த கூழில் வைத்து, உருவமற்ற திசுவாக்கி, வேகமாகப் பெருக்கும்போது அந்த வேலை பின்தங்குகிறது. நெல்லில் டாஸ்17 என்ற கூறு ஓர் இரகத்தில் இரண்டே நகல்களாக உறங்கிக் கிடந்தது. திசு வளர்ப்பிலிருந்து மீண்ட செடிகளில் அது 5 முதல் 30 நகல்கள் வரை பெருகியிருந்ததை 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். செடி முளைத்தெழுந்ததும் அது மறுபடியும் உறங்கிவிட்டது.

இதைவிடத் தெளிவான சான்று எண்ணெய்ப் பனையில் கிடைத்தது. திசு வளர்ப்பில் பெருக்கிய பனைகள் சில, நட்டு ஆண்டுகள் கழித்துக் காய்க்கும்போது உருக்குலைந்த, எண்ணெய் குறைந்த காய்களைத் தந்தன. 2015இல் மலேசிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். பூவின் உறுப்பு அமைப்பைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவின் நடுவில் கர்மா என்று பெயரிடப்பட்ட ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசான் நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. அதன் மேல் மெத்தில் அடர்ந்திருந்தால் காய் நன்றாக வருகிறது. மெத்தில் போய்விட்டால் அந்த மரபணுவின் ஆர்என்ஏ தவறாக வெட்டி ஒட்டப்பட்டு, பாதியில் முடிந்துவிடுகிறது. கர்மா இங்கே தாவவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இப்போது கன்றின் இலையிலேயே அந்த இடத்தின் மெத்திலைச் சோதித்து, கெட்ட கன்றை நடும் முன்பே விலக்க வழி பிறந்திருக்கிறது. எங்கள் காலத்தில் வாழைக்கு அப்படி ஒரு சோதனை கையில் இருந்திருந்தால் அந்தத் தோட்டக்காரருக்கு ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

போர்ட் லூயிஸ் வெயிலும் கியூர்பிப் குளிரும் இவற்றை எழுப்புமா?

வெப்பநிலைக்கு ஏற்ப விழிக்கும் கூறுகள் உண்மையிலேயே உண்டு, ஆனால் எல்லாக் கூறுகளும் அப்படியில்லை. அராபிடாப்சிஸில் ஒரு கூறுக்கு ஜப்பானிய மொழியில் வெந்நீர் ஊற்று என்று பொருள்படும் ஓன்சென் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் முகப்பில், செடியின் வெப்ப எச்சரிக்கைப் புரதம் வந்து அமரும் எழுத்துகள் இருக்கின்றன. 37 பாகை செல்சியஸில் ஒரு நாள் வைத்தால் அது விழித்துப் பெருமளவில் படியெடுக்கப்படுகிறது. 2011இல் வெளியான ஆய்வின்படி, நல்ல செடிகளின் பிள்ளைகளில் அதன் புதிய செருகல்கள் காணப்படவில்லை. குறு ஆர்என்ஏ வழி பழுதான செடிகளின் பிள்ளைகளில்தான் காணப்பட்டன. வெயில் அதை எழுப்பியது, எச்சரிக்கை ஆர்என்ஏ அதை அடுத்த தலைமுறைக்குள் நுழையவிடாமல் தடுத்தது.

ஸ்நாப்டிராகன் என்னும் பூச்செடியில் உள்ள டாம்3 இதற்கு நேர்மாறானது. அது சுமார் 15 பாகையில் சுறுசுறுப்பாகத் தாவுகிறது, 25 பாகையில் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. ஆகவே, வெப்பம் கூடினால் தாவும் என்று பொதுவாகச் சொல்வது தவறு. எந்தக் கூறு, எந்தச் செடி என்று கேட்டே விடை சொல்ல வேண்டும்.

அப்படியானால் வெயிலில் வாட்டி வளர்த்த செடியின் விதை வெயிலைத் தாங்கும், அல்லவா?

அவ்வாறு நம்பி விதை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். வெப்பத்தால் ஏற்படும் மெத்தில் மாற்றங்கள் பெரும்பாலும் வெப்பம் நீங்கியதும் அல்லது அடுத்த தலைமுறையில் மறைந்துவிடுகின்றன. அப்படி மறையச் செய்யும் ஏற்பாடுகளே செடியிடம் இருக்கின்றன. நிலைத்து நிற்கும் மாற்றங்கள் உண்டு என்பதை டிடிஎம்1 செடிகள் காட்டின, ஆனால் அவை செடிக்கு நன்மை பார்த்து வருவதில்லை. பூப்பதைத் தள்ளிப்போடும் மாற்றமும் வரும், உயரத்தைக் குறைக்கும் மாற்றமும் வரும். அவற்றுள் பயனுள்ளதைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்போல விவசாயியின் கண்ணும் காலமும்தான். மேல்மரபியல் என்ற சொல்லைக் காட்டி விதையும் மருந்தும் விற்க வருபவர்களிடம், எத்தனை தலைமுறை சோதித்தீர்கள் என்று கேளுங்கள்.

இவை வெறும் குப்பை டிஎன்ஏ என்று படித்தேனே?

பெரும்பகுதிக்கு இன்று எந்த வேலையும் தெரியவில்லை என்பது உண்மை. அதற்காகக் குப்பை என்று ஒரே சொல்லில் ஒதுக்கினால், நாம் உண்ணும் பல பயிர்களின் பிறப்பே விளங்காமல் போகும். மெண்டல் எண்ணிப் பார்த்த சுருங்கிய பட்டாணி, மாவுச்சத்து நொதியின் மரபணுவில் ஒரு கூறு செருகியதால் சுருங்கியது. வெள்ளைத் திராட்சையில் நிற மரபணுவின் முகப்பில் ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசான் அமர்ந்திருக்கிறது. மக்காச்சோளம் தன் காட்டு மூதாதையைப் போலக் கிளைத்துப் பரவாமல் ஒற்றைத் தண்டாக நிற்பதற்கு, ஒரு மரபணுவுக்குச் சுமார் 60,000 எழுத்துகள் தள்ளிச் செருகியிருக்கும் ஒரு கூறு துணை செய்கிறது. சிசிலியின் செங்குருதி ஆரஞ்சு குளிர் இரவுகளில் மட்டும் சிவப்பதற்குக் காரணமும், குளிரை உணரும் ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசான் நிற மரபணுவுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்ததுதான்.

மெத்திலோடு நேரடியாகத் தொடர்புள்ள எடுத்துக்காட்டு முலாம்பழம். சில முலாம்பழக் கொடிகளில் பெண் பூக்கள் மட்டுமே பூக்கின்றன. அங்கே ஒரு கூறு ஒரு மரபணுவுக்கு அருகில் செருகியது, செடி அந்தக் கூறை அடக்க மெத்தில் ஏற்றியது, அந்த மெத்தில் பக்கத்து மரபணுவின் முகப்புக்கும் பரவி அதையும் அடக்கியது. திருடனுக்குப் போட்ட பூட்டு பக்கத்து வீட்டுக் கதவையும் சேர்த்து மூடியதுபோல. மரபணுக்களுக்கு நெருக்கமாக இருக்கும் கூறுகளை அடக்குவதில் செடிக்கு எப்போதும் இந்த இடர் இருக்கிறது.

இரண்டு இனங்களைக் கலந்தால் அடக்கம் கலையும் என்கிறார்களே, கலப்பினக் கரும்பு என்ன ஆகிறது?

தொலைவான இரண்டு மரபுத்தொகுதிகள் ஒரே செல்லில் சேரும்போது நேரும் குலைவை மெக்லிண்டாக் தம் நோபல் உரையில் மரபுத்தொகுதிக்கு நேரும் அதிர்ச்சி என்று பேசினார். ஒரு பெற்றோரிடம் மட்டும் இருந்த கூறுகளை அடக்கும் குறு ஆர்என்ஏக்கள் கலப்பினத்தில் போதாமல் போகலாம், அதனால் சில கூறுகள் விழிக்கலாம். ஆனால் இது கலப்புக்குக் கலப்பு வேறுபடுகிறது, பல கலப்புகளில் பெரிய கலவரம் எதுவும் நடப்பதில்லை.

இன்றைய கரும்பெல்லாம் இனிப்புக் கரும்பையும் காட்டு நாணற்கரும்பையும் கலந்த வழியில் வந்தவை. ஜாவாவிலும், 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்திலும் இந்தக் கலப்பு நடந்தது. அந்த நிலையத்தின் பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205 என்ற இரகம் 1918இல் வெளிவந்தது. கரும்பைத் தண்டுத் துண்டிலிருந்தே நடுகிறோம், விதையிலிருந்து நடுவதில்லை. ஆகவே மகரந்தத்திலும் விதையிலும் நடக்கும் வலுப்படுத்தல் வயலில் நடப்பதே இல்லை. ஒரே இரகத்தைப் பல பத்தாண்டுகள் கணுவழியாகவே நகர்த்துகிறோம். அந்தப் பயணத்தில் புள்ளிகள் எவ்வளவு உறுதியாக நிற்கின்றன என்பதை, கரும்பை நம்பிய இந்தத் தீவில் இளையோர் யாரேனும் எடுத்து ஆராய வேண்டும் என்பது என் ஆசை.

இதுவும் மரபணு மாற்றப் பயிரும் ஒன்றா?

இல்லை. தாவல் இயற்கையில் நடப்பது. ஆனால் வெளியிலிருந்து செருகிய மரபணுவையும் செடி பல நேரம் இதே இயந்திரத்தாலோ, குறு ஆர்என்ஏக்களைக் கொண்ட இதற்கு நெருங்கிய வழியாலோ அடக்கிவிடும். 1990இல் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தைக் கூட்ட ஒரு நகலைச் சேர்த்தபோது, சில செடிகள் வெள்ளையாகப் பூத்தன.

மெத்தில் இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்க்கிறார்கள்?

டிஎன்ஏயைப் பைசல்ஃபைட்டு என்ற உப்புக் கரைசலில் வைப்பார்கள். மெத்தில் இல்லாத சைட்டோசின் அதில் வேறோர் எழுத்தாக மாறிவிடும், மெத்தில் உள்ளது மாறாமல் நிற்கும். பிறகு எழுத்து வரிசையைப் படித்து, மாறாமல் நின்ற இடங்களைக் குறித்தால் புள்ளிகளின் படம் கிடைத்துவிடும். கூறு தாவியதா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பெற்றோரிடம் இல்லாத இடத்தில் பிள்ளையிடம் அது செருகியிருக்கிறதா என்று தேட வேண்டும். மெத்தில் குறைந்தது, ஆர்என்ஏ கூடியது, புதிய செருகல் வந்தது ஆகிய மூன்றும் மூன்று வேறு செய்திகள். கட்டுரை படிக்கும் மாணவர்கள் இவற்றை ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

என் வீட்டுச் செடியின் இலையில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. தாவும் மரபணுதானா?

இருக்கலாம், ஆனால் உடனே அந்த முடிவுக்குப் போகக் கூடாது. கூறு அடிக்கடி வெளியேறும் செடியில் சிறிதும் பெரிதுமான பல திட்டுகள் சிதறிக் கிடக்கும். தொடக்கத்திலேயே வெளியேறினால் பெரிய திட்டு, கடைசியில் வெளியேறினால் சிறு புள்ளி. மார்னிங் குளோரி என்ற கொடியின் பூக்களில் சிலவற்றில் இதைக் கண்ணாலேயே காணலாம். இலையின் விளிம்பு முழுவதும் ஒரே சீராக வெளுத்திருந்தால், குருத்தின் ஓர் அடுக்கு மட்டும் பச்சையத்தை இழந்திருக்கக்கூடும். அதற்குத் தாவும் கூறு தேவையில்லை. மங்கலான மொசைக் திட்டுகளானால் வைரசை நினைக்க வேண்டும்.

கரும்பில் மட்டும் காத்திருக்காதீர்கள். இலையின் நரம்பை ஒட்டிப் பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய வெண்கோடு ஓடினால், அது பெரும்பாலும் பாக்டீரியாவால் வரும் நோய். அந்தக் குத்திலிருந்து விதைக்கரணை எடுக்காமல், வெட்டிய கத்தியையும் கிருமிநீக்கம் செய்துவிட்டு, ரெடுவியில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.